பார்க்காமல் போட்ட கையெழுத்து

கோடை விடுமுறை நெருங்கினால் உளவியல் முதுகலை படிக்கும் பிள்ளைகளுக்குப் புதுச்சேரியில் ஓர் அலைச்சல் தொடங்குகிறது. ஏதாவது ஒரு மருத்துவமனையோ போதை மீட்பு மையமோ சிறப்புப் பள்ளியோ தங்களை இன்டர்ன்ஷிப்புக்குச் சேர்த்துக்கொள்ளாதா என்று சீனியர்களிடம் எண் வாங்கி வரிசையாகப் போன் போடுகிறார்கள். அதிர்ஷ்டம் உள்ளவர்களுக்குப் பெரிய மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் இடம் கிடைக்கிறது. மற்றவர்களுக்குச் சமூக ஊடக விளம்பரங்கள் இருக்கின்றன: பதினைந்து நாள் பயிற்சி, ஒரு மாதப் பயிற்சி, சனி ஞாயிறு மட்டும் பயிற்சி, வீட்டில் இருந்தபடியே ஆன்லைன் பயிற்சி. கட்டணம் கட்டினால் போதும். நோயாளி ஒருவரின் முகத்தைக்கூட நேரில் பார்க்காமல் ‘கிளினிக்கல் இன்டர்ன்ஷிப்’ முடித்ததாகத் தடித்த தாளில் சான்றிதழ் வந்துவிடும். கல்லூரி அதை வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்ளும். மதிப்பெண் பட்டியலில் அது கிரெடிட்டாக ஏறிவிடும்.

இதை வன்மையாகக் கண்டிக்கிறோம். நம் கண்டனம் அந்தப் பிள்ளைகள் மீது அல்ல. கட்டணம் கட்டி ஏமாறுகிறவர்கள் அவர்கள்தான். பயிற்சியைப் பாடத்திட்டத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டு, இடம் தேடும் வேலையை இருபத்திரண்டு வயது மாணவியின் தலையில் கட்டும் கல்வி நிறுவனங்கள், வந்த சான்றிதழில் கையெழுத்திட்டவர் யார் என்று திருப்பிக்கூடப் பார்க்காத துறைத் தலைவர்கள், ஆண்டுக்கொரு அறிவிப்பு விட்டு மாணவர்களைப் பந்தாடும் ஒழுங்காற்று அமைப்புகள், இவை எதுவும் தன் பொறுப்பல்ல என்பதுபோல் இருக்கும் அரசு ஆகிய நால்வரும் பதில் சொல்ல வேண்டும்.

சட்டத்தில் தெளிவு இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், யாரை மருத்துவ உளவியலாளர் என்று அழைக்கலாம் என்பதை வரையறுத்திருக்கிறது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஏற்ற நிறுவனத்தில் பெற்ற தகுதி வேண்டும். அல்லது உளவியல் முதுகலைக்குப் பிறகு இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். படிப்பு வேண்டும், அந்தப் படிப்பில் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சி அடங்கியிருக்க வேண்டும். நாடாளுமன்றம் ‘பயிற்சி’ என்று மொட்டையாக எழுதவில்லை. மேற்பார்வையோடு நடக்கும் பயிற்சி என்றே எழுதியது. பெங்களூரில் 1954இல் தொடங்கப்பட்ட அகில இந்திய மனநல நிறுவனம், அதாவது இன்றைய நிம்ஹான்ஸ், மறு ஆண்டே மருத்துவ உளவியலுக்குப் பட்டயப் படிப்பைத் தொடங்கியபோது அடித்தளமாக வைத்துக்கொண்டதும் இதைத்தான். வகுப்பறை பாதி, வார்டு பாதி. வார்டில் மூத்தவர் பக்கத்தில் நிற்பார்.

மூத்தவர் பக்கத்தில் நிற்பதால் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அவர் இல்லாததால் யார் தலையில் விடிகிறது என்பது விளங்கும். ஒரே ஒரு பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைக்கு மாற்றுத்திறனாளி சான்று கேட்டு ஒரு தாய் வருகிறாள். குறைபாட்டின் அளவை நிர்ணயிக்க வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் எட்கர் டால் உருவாக்கியதை நாக்பூரில் மாலின் நம் நாட்டுக்கு ஏற்ப மாற்றினார். மொத்தம் 89 உருப்படிகள். தானே சாப்பிடுகிறானா, பொத்தான் போட்டுக்கொள்கிறானா, குளித்துக்கொள்கிறானா, கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருகிறானா என்று தாயிடம் கேட்டுக் குறிக்க வேண்டும். கிடைக்கும் சமூக வயதைக் குழந்தையின் உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் வரும்.

மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அந்த எண் 55 முதல் 69 வரை இருந்தால் குறைபாடு 50 விழுக்காடு என்று வகுத்தது. 70 முதல் 84 வரை இருந்தால் 25 விழுக்காடு. இட ஒதுக்கீடு உட்படப் பல உரிமைகளுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 40 விழுக்காடு. பத்து வயதுப் பையனுக்கு ஓரிரு உருப்படியில் தாராளமாக மதிப்பெண் போட்டுவிட்டால் 68 என்பது 70ஐத் தாண்டிவிடும். அதோடு அவனுக்குக் கிடைக்க வேண்டிய உரிமைகளும் போய்விடும்.

இனி அந்த அறைக்குள் நடப்பதைப் பாருங்கள். எந்தத் தாயும் முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் தன் பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டாள். “குளிக்கிறதெல்லாம் அவனே குளிச்சுக்குவான் டாக்டரம்மா” என்றுதான் சொல்வாள். புதிதாக வந்த மாணவி அதைக் கேட்டுக் குறித்துக்கொள்வாள். அவள் படித்த புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. கேள்வி கேள், பதிலைக் குறி. பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் இருந்தால் அடுத்த கேள்வியைப் போடுவார்: “நேத்து காலையில தண்ணி மொண்டு ஊத்தினது யாரு? சோப்பு போட்டது யாரு?” அப்போதுதான் தாய் தலையைக் குனிந்துகொண்டு, “நான்தான்” என்பாள். இந்த இரண்டாவது கேள்வியை எந்த வகுப்பறையிலும் கற்றுத்தர முடியாது. கேட்பதை ஒருமுறை பார்க்க வேண்டும், பிறகு தானே கேட்டுத் தடுமாற வேண்டும், தடுமாறியதை அன்று மாலையே ஒருவர் உட்கார்த்தி வைத்துத் திருத்த வேண்டும். அந்த மாலை நேரத்துக்குத்தான் மேற்பார்வை என்று பெயர். பதினைந்து நாள் சான்றிதழ்க்காரர்கள் விற்காத சரக்கு அதுதான்.

அப்படிப்பட்டவர்களிடம் பயின்ற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பாடத்திட்டம் கேட்கும் எண்ணிக்கையில் கேஸ் ஹிஸ்டரி எழுதிக் கொடுக்க வேண்டும். பார்க்க நோயாளிகள் இல்லை. போன ஆண்டு மாணவர்களின் லாக் புக் வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறது. வயதையும் ஊரையும் மாற்றி எழுதிக் கொடுக்கிறார்கள். இது துறைக்குள் இருப்பவர்கள் யாருக்கும் ரகசியம் அல்ல. ஆனால் யாரோ ஒரு பெண் அழுதுகொண்டே சொன்ன குடும்ப விவரம் இப்படி ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போகிறதே, அது மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தரும் ரகசியக் காப்பு உரிமையை மீறுவது என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். சொல்லிக் கொடுக்க வேண்டியவர்தான் அங்கே இல்லையே.

இதையெல்லாம் புதுச்சேரியில் பேச வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல நமக்கே கஷ்டமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் நாட்டின் சராசரி தற்கொலை விகிதம் லட்சம் பேருக்கு 12.4. புதுச்சேரியின் விகிதம் 29.7. சிக்கிமும் அந்தமானும் மட்டுமே நமக்கு மேலே இருந்தன. அந்த ஓராண்டில் மட்டும் இப்படி என்றால் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். ஆண்டாண்டாக நாட்டின் மோசமான பட்டியலில் முன்வரிசையில் இருக்கிறது நம் ஊர். கடற்கரையைக் காட்டிச் சுற்றுலாவுக்கு ஆள் சேர்க்கும் அரசு, இந்த எண்ணை எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை. போட வேண்டாம், இதற்காக என்ன செய்தோம் என்றாவது சொல்லட்டும்.

வாழ்க்கையை முடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது என்று எதிரில் இருப்பவர் சொல்லும் கணம், பயிற்சியில் இருக்கும் எந்த மாணவருக்கும் ஒருநாள் வந்தே தீரும். இந்த ஊரில் அது சீக்கிரமே வரும். அனுபவம் இல்லாதவர்கள் பெரும்பாலும் பயந்துபோய்ப் பேச்சை மாற்றுகிறார்கள், அல்லது “அப்படியெல்லாம் சொல்லாதீங்க அண்ணே” என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். அந்த எண்ணத்தைப் பற்றி நேரடியாக, பொறுமையாகக் கேட்பதால் அது புதிதாக முளைத்துவிடாது என்பதும், கேட்டால்தான் ஆபத்தின் அளவு தெரியும் என்பதும் துறையில் நிலைபெற்ற அறிவு. அதை மனப்பாடம் செய்துவிடலாம். எதிரில் ஆள் இருக்கும்போது குரல் நடுங்காமல் கேட்பது வேறு வேலை. கேட்ட பிறகு அன்றைக்கே யாரிடம் சொல்வது, குடும்பத்தாரில் யாரைக் கூப்பிடுவது, மனநல மருத்துவரிடம் எப்போது அனுப்புவது என்பதெல்லாம் மேற்பார்வையாளர் முடிவெடுக்க வேண்டியவை. மேற்பார்வையாளர் சான்றிதழில் மட்டும் இருந்தால் அந்தச் சுமை முழுவதும் ஒரு மாணவியோடு விடுதி அறைக்கு வந்துவிடுகிறது. இரவு தூக்கம் வராமல் அவள் யாருக்குப் போன் செய்வாள்? 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 எண் இருபத்து நான்கு மணி நேரமும் எடுக்கப்படுகிறது. பொதுமக்களுக்கென்று இருக்கும் அந்த எண்ணைத்தான் அவளும் அழுத்த வேண்டுமா?

எல்எல்ஆர் வாங்கிய பையன் வண்டியில் எல் போர்டு மாட்டிக்கொண்டு ஓட்டினாலும் பக்கத்து இருக்கையில் உரிமம் பெற்ற ஒருவர் இருந்தாக வேண்டும் என்று மோட்டார் வாகன விதி சொல்கிறது. சாலையில் காட்டும் இந்த எச்சரிக்கையை மனித மனத்தைத் தொடும் வேலைக்கு நாம் காட்டவில்லை. எம்.பி.பி.எஸ். படித்தவர் ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியை முடிக்காமல் மருத்துவராகப் பதிவு செய்துகொள்ள முடியாது. உளவியல் முதுகலைப் பட்டதாரி மட்டும் பட்டம் வாங்கிய மறுநாளே ‘கவுன்சிலிங் சென்டர்’ என்று போர்டு மாட்டிவிடலாம். மறுவாழ்வு கவுன்சில் சட்டம் பதிவு இல்லாமல் தொழில் செய்பவருக்குத் தண்டனை வைத்திருக்கிறது; ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.1,000 வரை அபராதம், அல்லது இரண்டும். 1992இல் எழுதிய தொகை. ஒரு மணி நேர ஆலோசனைக்கே அந்தத் தொகையை வாங்குகிறவர்கள் இருக்கும் காலத்தில் இது யாரைப் பயமுறுத்தும்?

ஒழுங்காற்று அமைப்புகளின் கதை இதைவிட மோசம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். படிப்பே வேண்டாம் என்றது. 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு அதை விதியாக்கியது. மருத்துவ உளவியல் எம்.ஃபில். என்பது மற்றத் துறைகளில் உள்ளதைப் போன்ற ஆய்வுப் பட்டம் அல்ல, வார்டில் நின்று கற்கும் தொழிற்பயிற்சி என்பதை அப்போது யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 2023 டிசம்பர் இறுதியில், எம்.ஃபில். செல்லாது, யாரும் சேராதீர்கள் என்று எச்சரிக்கை வந்தது. அடுத்த மாதமே, 2024 ஜனவரியில், மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை செல்லும் என்று மறு அறிவிப்பு. நாட்டில் மேற்பார்வைப் பயிற்சிக்குச் சட்டப் பெயர் வாங்கித் தந்த படிப்பு, ரேஷன் அட்டையைப் போல நீட்டிப்பில் உயிர் வாழ்ந்தது. அதற்கு மாற்றாக நான்காண்டு இளங்கலை, இரண்டாண்டு முதுகலை என்று மறுவாழ்வு கவுன்சில் புதிய மருத்துவ உளவியல் படிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. வரட்டும். ஆனால் எம்.ஃபில்.லில் முதுகலைக்குப் பிறகு இரண்டு ஆண்டு வார்டில் கழிந்தது. அந்தக் காலம் புதிய படிப்பில் எங்கே போகும், யார் மேற்பார்வையில் போகும் என்பதைப் பெயர் மாற்றத்துக்குள் ஒளித்துவிடக் கூடாது.

இன்னொரு பக்கம் 2021ஆம் ஆண்டின் தேசியத் துணைநிலை மற்றும் நலத்துறைத் தொழில்கள் ஆணையச் சட்டம் இருக்கிறது. மறுவாழ்வு கவுன்சிலின்கீழ் வரும் மருத்துவ உளவியலாளர்களைத் தவிர்த்த மற்ற உளவியலாளர்களை அது தன் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. நலத்துறைத் தொழிலர் என்று ஒருவர் தகுதி பெற 3,600 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பு வேண்டும் என்றது. மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் கவுன்சில் அமைக்க வேண்டும் என்றது. மூன்று ஆண்டுகளாகியும் பெரும்பாலான அரசுகள் அசையாததால் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாதக் கெடு வைக்க வேண்டியிருந்தது. ஆக, எம்.ஃபில். படித்தவர் ஒரு சட்டத்தின்கீழ், முதுகலையோடு நின்றவர் இன்னொரு சட்டத்தின்கீழ். அறையில் அவர்கள் முன் வந்து உட்காரும் நோயாளிக்கு இந்தப் பிரிவினை எப்படித் தெரியும்? அவருக்குச் சுவரில் தொங்கும் பிரேம் போட்ட சான்றிதழ் மட்டும்தான் தெரியும்.

ஒரு நல்ல முடிவையும் சொல்லிவிடுகிறோம். தொலைநிலைக் கல்வியிலும் ஆன்லைனிலும் உளவியல் படிப்பு நடத்தக் கூடாது என்று மானியக் குழு 2025 ஆகஸ்டில் அறிவித்தது. கரஸ்ஸில் சைக்காலஜி முடித்துவிட்டு, ஒருநாள்கூட மருத்துவமனை வாசலை மிதிக்காமல் ஆலோசகரானவர்களைக் கண்ட நமக்கு அது தாமதமாக வந்த நியாயம். ஆனால் நேரில் வகுப்புக்கு வருவதாலேயே பயிற்சி வந்துவிடாது. தபால் வழிப் படிப்பைத் தடை செய்துவிட்டுத் தபால் வழி இன்டர்ன்ஷிப்பை விட்டுவைத்தால் என்ன பயன்?

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வெளிநாட்டு ஆய்வறிக்கை எதுவும் தேவையில்லை, குடும்பத்துக்குள்ளேயே பார்க்கலாம். நம் ஊரில் பெரியம்மா மகள் பாரிசில், சித்தி மகள் முத்தியால்பேட்டையில் என்று இருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. இருவரும் உளவியல் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் 1985 ஜூலை 25ஆம் தேதிச் சட்டம் உளவியலாளர் என்ற பட்டப் பெயருக்கே காவல் போட்டுவிட்டது. உரிய உயர்கல்வித் தகுதி இல்லாமல் அந்தப் பெயரைப் பயன்படுத்துவது குற்றம். ஐந்தாண்டுப் படிப்பு முடிய வேண்டும். 2006ஆம் ஆண்டின் அரசாணை அதற்குமேல் சொல்கிறது: தொழிற்பயிற்சி 500 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, மூன்று ஆண்டாவது தொழிலில் இருக்கும் உளவியலாளர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரும் அதைக் கண்காணிக்க வேண்டும். பெரியம்மா மகளுக்கு இடம் கிடைக்கிறது, இரண்டு பெரியவர்கள் பொறுப்பு, மணிக்கணக்கு உண்மையானது. சித்தி மகளுக்குச் சீனியர் கொடுத்த போன் எண். பிரெஞ்சு ஆட்சி போய்த் தெருப் பெயர்களை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்ட ஊர், அங்கிருந்து இன்று எடுத்துக்கொள்ளத் தக்க ஒன்றைக் கண்டுகொள்ளாமல் இருப்பது வேடிக்கைதான்.

அந்தச் சட்டம் வந்து சரியாக நாற்பது ஆண்டு கழித்து, அதே ஜூலை 25 அன்று, நம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன மாணவி ஒருவர் இறந்த வழக்கு அது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் படிக்கும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதியுள்ள ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும். குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் அவர் பயிற்சி பெற்றிருப்பதைக் காட்ட வேண்டும் என்று நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு உத்தரவிட்டது. பள்ளிகளும் பொறியியல் கல்லூரிகளும் மருத்துவக் கல்லூரிகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் புதுச்சேரியில் நூறு மாணவருக்கு மேல் படிக்கும் நிறுவனங்களுக்குக் குறைவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் ஆள் தேடுவார்கள். தேடும்போது கையில் கிடைக்கப்போவது யார்? தடித்த தாள் சான்றிதழ்க்காரர்கள்தான். தீர்ப்பு கேட்ட பயிற்சியை யாரும் தரவில்லை என்றால், தீர்ப்பைக் கடைப்பிடித்ததற்கு அடையாளமாக ஓர் அறை, ஒரு மேசை, ஒரு பெயர்ப்பலகை மட்டும் இருக்கும். அந்த அறைக்குள் நம் பிள்ளைகளை அனுப்ப நமக்குச் சம்மதமா?

வசதி இல்லை என்று புதுச்சேரி சொல்ல முடியாது என்பதுதான் நம் கோபத்துக்கு முக்கியக் காரணம். காலாப்பட்டில் 1985இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம், அதில் பயன்பாட்டு உளவியல் துறை. கோரிமேட்டில் ஜிப்மர், பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசு, 2008 முதல் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம், அதில் மனநல மருத்துவத் துறை. கதிர்காமத்தில் அரசின் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி. நகரின் நடுவில் அரசு பொது மருத்துவமனை. சுற்றிலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே காலாப்பட்டு மத்தியச் சிறை. குடிநோயும் தனிமையும் குற்ற உணர்வும் குடும்பச் சிதைவும் ஒரே மதிலுக்குள் இருக்கும் இடம். இவற்றில் எதுவும் இன்னொன்றிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொலைவில் இல்லை. பெரிய மாநிலங்கள் பொறாமைப்படும் நெருக்கம் இது. நிம்ஹான்ஸ் அளவுக்கு இல்லாவிட்டாலும், தென்னிந்தியாவுக்கு முன்மாதிரியான ஒரு பயிற்சி வட்டத்தை இந்த ஊர் எப்போதோ கட்டியிருக்கலாம். காரைக்கால், மாஹே, ஏனாம் பிள்ளைகளும் அதில் சுற்று முறையில் வந்து பயின்றிருக்கலாம். கட்ட மனம் இல்லாததால், ஒவ்வொரு நிறுவனமும் தன் வாசலில் வந்து நிற்கும் மாணவரைத் தயவு இருந்தால் சேர்த்துக்கொள்கிறது, இல்லாவிட்டால் அனுப்பிவிடுகிறது.

மூன்று பதில்கள் நமக்கு வரும் என்று தெரியும். மருத்துவமனைகளில் கூட்டம் தாங்கவில்லை, மாணவருக்கு யார் நேரம் ஒதுக்குவது என்பது முதலாவது. இது நியாயமான குறை. காலை ஓ.பி.யில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது மருத்துவ உளவியலாளர் பாடம் நடத்த முடியாது. ஆனால் பயிற்சி தருவதை அவருடைய வேலை நேரத்தில் கணக்கிட்டால், வாரத்துக்கு இவ்வளவு மணி மேற்பார்வைக்கு என்று எழுத்தில் ஒதுக்கினால், அதற்கென ஒரு பணியிடத்தைக் கூட்டினால் முடியும். கூட்டத்தைக் குறைக்க நாளை ஆள் வேண்டும் என்றால் இன்றைக்கு ஆளைத் தயாரிக்க நேரம் செலவிட்டாக வேண்டும். நோயாளியின் அந்தரங்கம் கெடும் என்பது இரண்டாவது. சம்மதம் கேட்காமல் மாணவரை உட்கார வைத்தால் கெடும்தான். “இவங்க பயிற்சியில இருக்காங்க, இருக்கலாமா?” என்று கேட்டு, வேண்டாம் என்றால் வெளியே அனுப்பும் பழக்கம் இருந்தால் கெடாது. பணம் இல்லை என்பது மூன்றாவது. இதற்கு நீண்ட பதில் தேவையில்லை; பணமே தேவைப்படாத ஒரு வேலையைக் கடைசியில் சொல்கிறோம்.

திருத்தம் என்று நாம் கேட்பவை இவை. பயிற்சிக்கு மாணவரிடம் கட்டணம் வாங்கும் வழக்கத்தைக் கல்வி நிறுவனங்கள் இன்றே நிராகரிக்க வேண்டும். கட்டணம் வாங்கிய இடத்தின் சான்றிதழை ஏற்க மாட்டோம் என்று எழுத்தில் அறிவித்தாலே அந்தக் கடைகளில் பாதி மூடிவிடும். இடம் தேடித் தருவது துறையின் கடமை, மாணவரின் தலைவிதி அல்ல. சான்றிதழில் கையெழுத்திடுபவரின் மறுவாழ்வு கவுன்சில் பதிவெண் இருக்க வேண்டும்; எந்தெந்தத் தேதியில் எந்தக் கேஸை மாணவரோடு உட்கார்ந்து பேசினார் என்ற பதிவு இருக்க வேண்டும். தேதி இல்லாத கையெழுத்தைப் பல்கலைக்கழகம் திருப்பி அனுப்ப வேண்டும். முழுநேரப் பயிற்சியில் இருப்பவருக்கு உதவித்தொகை தர வேண்டும். சித்தாள் வேலைக்குக்கூடக் கூலி கொடுக்கும் ஊரில், ஏழை வீட்டுப் பிள்ளை எட்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டுப் பேருந்துக் கட்டணத்தையும் வீட்டில் கேட்கிற நிலையை எப்படிப் பொறுத்துக்கொள்கிறோம்? வசதியுள்ளவர் மட்டுமே உளவியலாளர் ஆக முடியும் என்றால், குப்பங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் வரும் நோயாளியின் பேச்சு காதில் விழும் ஆட்கள் அந்தத் தொழிலில் இருக்க மாட்டார்கள்.

பல்கலைக்கழகம், ஜிப்மர், அரசு மருத்துவமனைகள், சிறைத்துறை, சமூக நலத்துறை ஆகியவற்றை ஒரே மேசையில் உட்கார வைக்கும் அதிகாரம் புதுச்சேரி அரசிடம் மட்டும் இல்லை. பல்கலைக்கழகமும் ஜிப்மரும் மத்திய அரசின் நிறுவனங்கள். அதையே சாக்காக வைத்துக்கொண்டு காலம் ஓட்டுவதும் நமக்குப் பழகிப்போன ஒன்றுதான். அழைப்பது யார் அதிகாரம் என்று பார்க்காமல் முதலில் அழைக்கட்டும். துணைநிலை ஆளுநர் மாளிகைக்கும் தலைமைச் செயலகத்துக்கும் இடையில் நடக்கும் வழக்கமான இழுபறியில் இதையும் சேர்த்துவிடாதீர்கள். கெட்டுப்போவது கோப்பு அல்ல.

2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் புதுச்சேரிக்குரிய கவுன்சில், பெயரளவில் அல்லாமல், புகார் வாங்கி விசாரிக்கும் அமைப்பாக இயங்க வேண்டும். ஏமாந்த மாணவருக்கும், தவறான பரிசோதனையால் சான்று இழந்த குழந்தையின் தாய்க்கும் போய்ச் சொல்ல ஒரு மேசை வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் நிதி ஒதுக்கீடும் கோப்பும் கூட்டமும் தேவை என்பார்கள். நிதியே இல்லாமல் செய்யக்கூடிய ஒன்றைச் சுகாதாரத் துறை முதலில் செய்யட்டும். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் உளவியல் மாணவர்களைப் பயிற்சிக்குச் சேர்க்கும் இடங்கள் எவை, ஒவ்வொன்றிலும் மேற்பார்வை செய்யும் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் யார், ஒரே நேரத்தில் அவர் எத்தனை மாணவரை ஏற்கிறார் என்ற பட்டியலைத் தன் இணையதளத்தில் வெளியிடட்டும். அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை விளம்பரங்கள் வருவதற்கு முன்பு அது வர வேண்டும்.